தம்மை மறந்திருப்போர்

புகையிரத நிலையமொன்றில் மணிக்கணக்காகக் காத்திருக்க நேர்ந்த எவரும், விரும்பியோ விரும்பாமலோ, மனிதரை நோக்கும் கலையில் ஒரு பாடத்தையேனும் கற்றுக்கொண்டே வெளியேறுவர். எனக்கு அப்பாடம் வாய்த்த இடம் பொல்காவலைச் சந்தி. எழுபதுகளின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து பேராதனைக்குப் படிக்கச் சென்ற எங்களுக்கெல்லாம் பொல்காவலை தவிர்க்க முடியாத இடைத்தங்கல். வடக்கிலிருந்து வரும் வண்டி எங்களை அங்கே இறக்கிவிட்டுத் தன்பாட்டிற் கொழும்பை நோக்கிப் போய்விடும். கண்டிப் பாதையில் அடுத்த வண்டி வரும்வரை மேடையிற் கிடக்க வேண்டியதுதான். இரவு வண்டியில் வந்தோமாயின் விடிவதற்கு முன்பே அங்கு நிற்போம். ஒரு கையிற் பெட்டி. மறு கையில் வீட்டிற் கட்டித்தந்த பலகாரப் பை. மேடையின் மங்கல் வெளிச்சம் புத்தகம் படிக்கப் போதாது. எஞ்சியிருந்த வாசிப்புப் பொருள் மனிதர்தாம்.

முகங்களில் எனக்கு அவ்வளவு நாட்டமிருந்ததில்லை. முகம் பெரும்பாலும் பிறருக்காகவே வைத்துக்கொள்ளப்படுவது. தன்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நம்பியிருக்கும் மனிதன் தன் கைகளைக் கொண்டு என்ன செய்கிறான் என்பதே என்னை ஈர்த்தது. கழுத்துப்பட்டி கட்டிய கனவான் ஒருவர் தீக்குச்சியாற் காது குடைந்து, குடைந்ததை விளக்கு வெளிச்சத்திற் பிடித்து ஒரு விஞ்ஞானியின் பொறுமையோடு ஆராய்வார். இளந்தாய் ஒருத்தி மடியில் உறங்கும் குழந்தையின் உச்சந்தலையை நிமிடத்திற்கொரு தடவை முகர்ந்து பார்ப்பாள். முத்தமிடுவதில்லை, முகர்வது மாத்திரமே. வாங்கிற் படுக்கப்போகும் முதியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் தம் இடது சப்பாத்தினுள் வைத்து, சப்பாத்தைத் தலைக்கடியில் வைத்துக்கொள்வார். சரக்கு வண்டி கடந்து செல்லும்போது மேடையில் நிற்போரிற் பாதிப்பேர் பெட்டிகளை எண்ணுவர்; எண்ணுவதை மறைக்க முயல்வோரின் உதடுகள் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடும். இறுதியில் எத்தனை பெட்டிகள் என்று கேட்டால், எண்ணவேயில்லை என்பர்.

இவற்றையெல்லாம் நான் ஓர் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வரலானேன். இடம், நேரம், செயல் என்று மூன்று நிரல்கள். பெயருக்கு நிரல் இல்லை. எனக்குத்தான் எவருடைய பெயரும் தெரியாதே. ‘பச்சைச் சேலை’, ‘நரைத்த மீசை’, ‘குடைக்காரர்’ என்பனவே என் கொப்பியின் மாந்தர். என்றோ ஒருநாள் பெருஞ்சிறுகதைகள் எழுதப்போகிறேன் என்ற இளமை மயக்கமும் அதற்குக் காரணமாயிருந்தது. கதை ஒன்றுகூட எழுதப்படவில்லை. கொப்பி மட்டும் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகி வளர்ந்தது.

விரிவுரைகளிலோ அக்காலத்தில் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் படித்துக்கொண்டிருந்தோம். உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்பட்டு நிற்பதையே மெய்ப்பாடு என்றனர் முன்னோர். தலைவியின் உள்ளத்தைக் காட்டும் குறிகளாகத் தொல்காப்பியர் எடுத்துக்கொண்டவை எவை என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். கூந்தலை அவிழ்ப்பது, காதணி ஒன்று கழன்று வீழ்வது, அணிந்திருக்கும் நகையைத் தடவித் தடவிப் பார்ப்பது, உடையைத் தளர்த்தி மீண்டும் உடுத்துவது என்று, செய்பவளே அறியாது செய்யும் சின்னஞ்சிறு செயல்கள் அங்கே இலக்கண உரிமை பெறுகின்றன. இவற்றை எழுதிய ஆசிரியர் ஏட்டை மாத்திரம் நோக்கியிருந்தவர் அல்லர். எங்கோ ஒரு துறையிலோ மன்றிலோ நின்று மனிதரை நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். நாமோ அவ்வியலை எட்டாகவும், எட்டை நந்நான்காக விரித்து முப்பத்திரண்டாகவும் மனனஞ் செய்து பரீட்சைத் தாளில் ஒப்புவித்துவிட்டு, மனிதரைப் பார்ப்பதை அத்துடன் விட்டுவிடுகிறோம். நான் விடவில்லை என்பதில் எனக்கு அந்நாளில் ஒரு கர்வம் இருந்தது. அக்கர்வம் நொறுங்கிய கதையை இனிச் சொல்லவேண்டும்.

அது 1975 ஆம் ஆண்டாக இருக்கலாம். 1964 இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படவேண்டியவராயினர். எழுபதுகளில் அப்பயணம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தோட்டங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் தலைமன்னார் சென்று, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்திற்குப் போவார்கள். ஏறுவோரும் வழியனுப்புவோரும் எழுப்பும் ஓலத்தினால் அவ்வண்டிகளுக்கு மலையகத்தில் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே பெயர் வழங்கிற்று. பொல்காவலை மேடையில் அத்தகைய குடும்பங்களைப் பல தடவை கண்டிருக்கிறேன். றங்குப் பெட்டிகள், கயிற்றாற் கட்டிய பாய்ச் சுருள்கள், சாக்கிற் சுற்றிய அம்மி. அழுகையெல்லாம் மலையிலேயே முடிந்துவிட்டது போலும். பொல்காவலையில் அவர்கள் அழுது நான் பார்த்ததில்லை.

அப்படியொரு குடும்பத்தோடு வந்திருந்த மூதாட்டி ஒருவர் பெட்டியின்மேல் அமர்ந்திருந்தார். மடியிற் பழைய கம்பளி. கண்கள் தண்டவாளத்திற்கு அப்பால் எங்கோ நிலைத்திருந்தன. ஆனால், அவருடைய இரு கைகளும் ஓயவில்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கம்பளியின் ஓரத்துக் குஞ்சங்களைக் கிள்ளிக்கொண்டே இருந்தன. இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று. இடக்கை ஒன்று, வலக்கை ஒன்று. நூல் அறுந்துவிடுமளவிற்கு வலிமையாக அல்ல. பிடித்து, மடக்கி, விட்டுவிடும் அளவில். நான் கொப்பியை எடுத்து நேரத்தைக் குறித்து, ‘கம்பளி கிள்ளும் கிழவி, மனக்குழப்பம்?’ என்று எழுதிக்கொண்டேன். அந்த வினாக்குறியை இப்போது நினைத்தாலும் உடல் கூசுகிறது.

எங்கள் விடுதியில் என் பக்கத்து அறையில் மலையக நண்பர் ஒருவர் இருந்தார். மலையகத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் வருவது அரிதாயிருந்த காலம் அது. ஒரு மாலை என் கொப்பியை எடுத்துப் புரட்டிச் சிரித்துக்கொண்டிருந்தவர் அந்தப் பக்கத்திற்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். “மச்சான், இது குழப்பமில்ல. அந்த அம்மா கொழுந்து பறிச்சிக்கிட்டு இருந்திருக்காங்க” என்றார். பிறகு தம் இரு கைகளையும் நீட்டி அதே அசைவைச் செய்து காட்டினார். “எங்க அம்மா நித்திரையிலயும் இப்படித்தான்.” அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை, கொப்பியை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய நாடு எதுவென்று இரண்டு அரசுகள் தாளில் எழுதி முடிவுசெய்தன. அத்தாளின்படி அவர் கப்பலேறப் போகிறார். கைகளோ இன்னும் தோட்டத்து நிரையிலேயே நின்றன. இதைக் காண எனக்குக் கண் இருந்தது, அறிய அறிவிருக்கவில்லை. அன்றைக்கு முன்னர், பிறருடைய பழக்கங்களை அவரவர்க்கே உரிய விசித்திரங்கள் என்று எண்ணியிருந்தேன். அதன் பின்னர் ஒவ்வொரு அசைவுக்கும் பின்னால் அதைக் கற்றுக்கொடுத்த ஏதோவொன்று நிற்பதைத் தேடலானேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் வண்டியிலிருந்து இறங்கியதும் கைகளை ஒன்றோடொன்று தட்டுகிறார். வெண்கட்டித் துகள் கையை விட்டுப் போய்ப் பத்து ஆண்டுகளாகியிருக்கும். தச்சர் உட்காருமுன் வாங்கின் விளிம்பை உள்ளங்கையால் ஒரு முறை வழித்துப் பார்க்கிறார். பஸ் நடத்துனர் விடுமுறை நாளிற் பிரயாணியாக வரும்போதும் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல்களுக்கிடையிற் செருகிக்கொண்டே பயணச்சீட்டுக்குக் காசு கொடுக்கிறார்.

கொழும்பில் ஆசிரியனாகப் பணியேற்ற பின்னர், எண்பதுகளில், இன்னொன்றைக் கண்டேன். அரசாங்கக் கந்தோர்களின் கருமபீடங்களுக்கு முன்னால் நீளும் வரிசைகளில், முறை நெருங்க நெருங்கச் சிலருடைய உதடுகள் ஓசையின்றி அசையும். பிரார்த்தனை என்றே முதலில் நினைத்தேன். உன்னிப்பாகப் பார்த்தபோது அது ஒரே வாக்கியம், மீண்டும் மீண்டும். சிங்களத்தில் ஒரு வாக்கியம். பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று தேவை என்றோ, ஓய்வூதியக் கோவை எந்த மேசையில் இருக்கிறது என்றோ கேட்பதற்கான வாக்கியம். அதை எப்படி அறிந்தேன் எனின், அதே வரிசையில் நின்று அதே வாக்கியத்தை நானும் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். 1956 இன் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிற்று. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்றது. சட்டப் புத்தகத்தில் அது ஒரு வரி. உதடுகளுக்கு அவ்வரி போய்ச்சேர நெடுங்காலம் எடுத்தது. பல இடங்களில் இன்னமும் போய்ச்சேரவில்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒருவர், உருப்போட்ட வாக்கியத்தைக் கருமபீடத்திற் சரியாகவே சொன்னார். எழுதுவினைஞர் சுத்தத் தமிழில், “ஐயா, நீங்க தமிழிலேயே சொல்லலாம், நானும் தமிழ்தான்” என்றார். மனிதர் திகைத்து நின்றார். தமிழில் என்ன கேட்பதென்று அவருக்கு உடனே வாயில் வரவில்லை.

இதற்கு ஓர் ஈடு போலப் பல ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணப் பேருந்து நிலையத்தில் ஒரு சிங்கள இளைஞனைக் கண்டேன். முதுகிற் பை, கையிற் சிறு தாள். நயினாதீவுக்குப் போக எந்த பஸ் என்று கேட்கும் தமிழ் வாக்கியத்தை அவனுடைய உதடுகள் உருப்போட்டுக்கொண்டிருந்தன. அந்த அசைவை நான் எங்கும் இனங்காண்பேன்.

இனி அந்தக் கொப்பியின் முடிவு. 1996 ஜனவரி 31 ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கிக் கட்டடம் குண்டுத்தாக்குதலுக்கு உள்ளாகிப் பெருந்தொகையானோர் மாண்டபின், நகரில் தமிழராய் நடமாடுவது அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் தாளும் கையிலின்றி ஆகாத காரியமாயிற்று. அவ்வாண்டிலே ஒரு காலை, பாடசாலைக்குச் சென்றுகொண்டிருந்த பஸ் ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தப்பட்டது. எல்லோரும் இறங்கினோம். என் பையைத் திறந்த இளஞ்சிப்பாய் மாணவரின் பயிற்சித் தாள்களுக்கிடையில் அந்தக் கொப்பியைக் கண்டான். தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. ஆனால், நிரல் நிரலாகக் கிடந்த மணிக்கணக்குகளையும் எண்களையும் எவரும் வாசிக்கலாமே. பஸ் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

சாவடிக்குப் பின்னாலிருந்த அறையில் உத்தியோகத்தர் ஒருவர் மேசையில் இருந்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் கொப்பியை விரித்து ஒவ்வொரு வரியாகச் சிங்களத்திற் சொல்லலானார். காலை 7.20, பம்பலப்பிட்டி, வழுக்கைத் தலை, நீலச் சட்டை, எழுந்திருக்குமுன் சட்டைப் பையை இரு தடவை தொட்டார். காலை 7.35, அதே பஸ். நீலச் சட்டைக்காரர் இறங்குமுன் மீண்டும் தொட்டார். நான் எழுதிய வரிகளை இன்னொருவரின் குரலில், இன்னொரு மொழியில், அந்த அறையிற் கேட்டபோது அவை என்னவாகத் தொனித்தனவென்று சொல்லத் தேவையில்லை. உலகிலுள்ள உளவாளி எவனும் அதைவிட நேர்த்தியாகக் குறிப்பெடுத்திருக்க மாட்டான்.

“இந்த ஆள் யார்?” என்றார் உத்தியோகத்தர்.

“தெரியாது.”

“தெரியாத ஆளைப் பற்றி எதற்காக எழுதினாய்?”

இருபது ஆண்டுகளாக நான் செய்துவந்த செயலைப் பற்றிய மிக எளிய வினா அது. என்னிடம் விடை இருக்கவில்லை. கதை எழுதுவதற்கு என்றேன். எழுதிய கதையைக் காட்டு என்றார். அதுவும் இருக்கவில்லை.

கொப்பியில் நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர். ஒவ்வொருவரையும் அவர் கேட்டார். ஒவ்வொருவருக்கும் தெரியாது என்றேன். பெயர் நிரல் இல்லாத என் கொப்பிக்காக வாழ்க்கையில் முதற்றடவையாக நன்றியுணர்வு கொண்டேன். அம்மனிதரில் ஒருவருடைய பெயரையாவது நான் அறிந்திருந்தால், அந்த அறையின் வெப்பத்தில் அதை எவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

நீலச் சட்டைக்காரரைப் பற்றிய விளக்கத்தை இறுதியில் அந்தப் பொலிஸ்காரரே கொடுத்தார். “அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்திருக்கிறார், சேர். எல்லாத் தமிழ் ஆட்களும் அப்படித்தான்.” பொல்காவலை மூதாட்டியின் கைகளைப் போலவே இதையும் இன்னொருவர் சொல்லித்தான் அறிந்தேன். இத்தனைக்கும் என் சட்டைப் பையிலும் அதே அட்டைதான் கிடந்தது.

அந்த உத்தியோகத்தருக்கும் ஒரு பழக்கம் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கையில் இடக்கை விரல்களை ஒவ்வொன்றாக நெட்டி முறிப்பார். மோதிர விரலை மட்டும் தாண்டிவிடுவார். அந்த நிலையிலும் என் கண் அங்கே போயிற்று. அதை அவர் கண்டார். ஒரு கணம் அவருடைய முகத்திற் படர்ந்தது வெட்கம் என்றே இன்றும் நினைக்கிறேன். கையை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். அதன்பின் அவர் குரல் முன்னையிலும் கடுமையாயிற்று. பிற்பகலில் பாடசாலை அதிபர் நேரில் வந்து கடிதம் கொடுத்தபின் விடப்பட்டேன். கொப்பி திரும்பி வரவில்லை. வீட்டிலிருந்த பழைய கொப்பிகளை அன்றிரவே குசினியில் எரித்தேன்.

அந்த ஆண்டுகளில் ‘பார்த்தல்’ என்ற சொல்லே நஞ்சேறிக் கிடந்தது. முகமூடியணிந்த ‘தலையாட்டி’யின் முன்னால் வரிசையாக நடத்திச் செல்லப்பட்டவர்களின் உயிர், அவன் தலையசைப்பிலே தொங்கிய காலம் அது. ஊர்களிலும் எவர் எவரைப் பார்க்கிறார், எவருக்காகப் பார்க்கிறார் என்ற ஐயம் எல்லாத் திசைகளிலும் இருந்தது. அரசின் கண் மாத்திரமே கண்ணன்று என்பதை அங்கு வாழ்ந்தோர் அறிவர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பணியாற்றிய சமூகவியலாளர் ஏர்விங் கொவ்மன், பொது இடங்களில் மனிதர் நடந்துகொள்ளும் விதம் பற்றி 1963 இல் ஒரு நூல் வெளியிட்டார். எதிர்ப்படும் அந்நியரை ஒரு கணம் நோக்கி, அவர் இருப்பை ஏற்றுக்கொண்டோம் என்று காட்டி, உடனே பார்வையை விலக்கிக்கொள்வதை அவர் ஒரு மரியாதை என்று கொண்டு ஆராய்கிறார். நூலகத்தில் அதைப் படித்த நாளில், இதையெல்லாம் ஒரு கோட்பாடாகச் சொல்ல வேண்டுமா என்று எண்ணியதுண்டு. அந்த மரியாதை இல்லாமற்போன ஒரு நகரத்தில் வாழ்ந்த பிறகு, அது சொல்லப்பட வேண்டியதே என்று உணர்ந்தேன்.

ஏனெனில், பார்வை மாறியதும் பார்க்கப்படுவோரும் மாறினர். பஸ்ஸில் எவரும் காது குடையவில்லை. உதடு அசைத்து எண்ணவில்லை. கைகள் முழங்கால்களின் மேல், எல்லோருக்கும் தெரியும்படி, அசையாமற் கிடந்தன. பைக்குள் எதையாவது தேட நேர்ந்தால், பக்கத்திலிருப்பவர் பார்க்க மெதுவாகத் தேடினர். ஒரு சமூகம் முழுவதும் தன் கைகளைப் பற்றிய நினைவோடு வாழ்ந்தது. அந்நியர் நடுவே தன்னை மறந்திருக்க ஒருவனால் முடிவது எவ்வளவு பெரிய பேறு என்பதைப் பொல்காவலை நாட்களில் நான் அறிந்திருக்கவில்லை. அவர்கள் தம்மை மறந்திருந்தமையாலேயே நான் பார்க்க முடிந்தது.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் வோக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயோர்க் நகரத்துச் சுரங்கப் புகையிரதங்களிற் பயணித்து, மேலங்கிக்குள் மறைத்த கமராவாற் பொத்தான்களின் இடைவெளியூடே எதிர் இருக்கையினரைப் படம் பிடித்தார். அப்படங்களின் தொகுப்பை அவர் நூலாக வெளியிட்டது 1966 இலேதான். ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம் பொறுத்திருந்தார். படங்கள் அற்புதமானவை; ஒவ்வொரு முகமும் தன்னந்தனியே இருக்கிறது. ஆயினும், அவற்றைப் பார்க்குந்தோறும் அந்த அறையும் மேசைமேற் கிடந்த கொப்பியும் நினைவில் எழுவதைத் தவிர்க்க முடியவில்லை. அவராவது பொறுத்திருந்தார். இன்று வாய் திறந்து உறங்கும் சக பிரயாணியைக் கைத்தொலைபேசியிற் பிடித்து, அவர் விழிக்குமுன்னரே ஊருக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. என் கொப்பியும் சொற்களாலான கமராதான்.

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துப் புகையிரத சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அதன்பின் ஆண்டிற்கு இரு தடவையேனும் யாழ்தேவியிற் போகிறேன். கொப்பி இல்லை, பேனைகூட எடுப்பதில்லை. ஆனால், கண்ணை வீட்டில் விட்டுவர முடியவில்லை. மனிதர் மெல்ல மெல்லத் தம்மை மறக்கத் தொடங்கியிருப்பதைக் காண்கிறேன். பெட்டி நிறையத் தூங்குகிறார்கள். முன்பின் அறியாத ஒருவரின் தோளிற் சாய்ந்து, உமிழ்நீர் வழியத் தூங்குகிறார்கள். பத்திரிகையை விரித்ததும் மரண அறிவித்தற் பக்கத்தை முதலிற் படிக்கும் எங்களூர்ப் பழக்கம் அப்படியே இருக்கிறது. ஒரு முதியவர் அங்குள்ள ஒவ்வொரு படத்தின் மேலும் விரல் வைத்து, பிறந்த ஆண்டைத் தம் ஆண்டோடு ஒப்பிட்டு, இளையவர் இறந்திருந்தால் நாக்கை ஒரு முறை கொட்டிக்கொள்கிறார். கழுத்துப்பட்டிக் கனவான்கள் மீண்டும் காது குடைகிறார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

எல்லாம் போய்விட்டன என்று சொல்லமுடியாது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பின்னர், யாழ்ப்பாண நகரத்தின்மேல் எப்போதாவது பிரயாணிகள் விமானம் ஒன்று தாழப் பறப்பதுண்டு. அச்சமயம் பேருந்து நிலையத்தைப் பாருங்கள். நாற்பது வயது கடந்தோர் பேச்சை நிறுத்தித் தலையைத் தூக்குகின்றனர். கண்கள் வானத்தில் ஓசைக்கு முன்னே ஓடுகின்றன. சிலர் ஓரடி சுவர்ப்பக்கமாக ஒதுங்கிவிட்டு, பின்னர் கடைவாசலில் எதையோ பார்க்க ஒதுங்கியதுபோல நின்றுகொள்கின்றனர். பள்ளிப் பிள்ளைகள் கச்சான் கொறித்துக்கொண்டே நிற்கின்றனர்; அவர்களுடைய தலை உயர்வதில்லை.

சென்ற ஆண்டு ஒரு பயணத்தின்போது எனக்கெதிரே இளந்தாய் ஒருவரும் ஐந்து வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தியும் இருந்தனர். வவுனியா கழிந்ததும் தாய் கண்ணயர்ந்தார். சிறுமி சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைக் கையால் ஒருமுறை தட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிறிது நேரத்தில் மீண்டும் தட்டினாள், மீண்டும் சிரித்தாள். குழந்தைகளின் விளையாட்டுக்குப் பொருள் தேடும் வழக்கம் எனக்கில்லை, நானும் சிரித்தேன். வண்டி ஓமந்தையை அணுகி வேகம் குறைந்தபோது அவள் இரண்டு தடவை தட்டினாள். இம்முறை தாய் விழித்திருந்தார். சிறுமியின் கையை எட்டிப் பிடித்து, “அப்பிடித் தாத்தாவைப் பழிச்சுக் காட்டக்கூடாது, பிள்ளை” என்று கண்டித்துவிட்டு, என்னிடம், “குறை நினைக்காதேங்கோ ஐயா. கண்டதையெல்லாம் இவள் அப்பிடியே செய்து காட்டுறவள்” என்றார்.

நான் குனிந்து பார்த்தேன். என் வலக்கை இடப்பக்கத்துச் சட்டைப் பையின் மேல் இருந்தது. பை வெறுமையாக இருந்தது. அடையாள அட்டையைக் காற்சட்டைப் பையிலுள்ள பணப்பைக்கு மாற்றிச் சில ஆண்டுகளாகிவிட்டன. எத்தனை ஆண்டுகளாக, ஒரு பயணத்தில் எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை, சொல்லியிருக்கவும் முடியாது.

கைகள் இரண்டையும் எடுத்து முழங்கால்களின் மேல் வைத்துக்கொண்டேன். புளியங்குளம் போயிற்று. மாங்குளம் வருமுன் வண்டி மறுபடியும் வேகம் குறைந்தது. தாய் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். சிறுமி என் கையையே பார்த்தபடி காத்திருந்தாள்.